போர்க்கால உக்ரைனில் நூலகங்களும் தன்னார்வப் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் முழு அளவில் உக்ரைனுக்குள் நுழைந்த சில நாள்களில், உக்ரைனிய நூலகச் சங்கத்தின் சிறிய அறிவிப்பு ஒன்று பல நாட்டு நூலகர்களிடையே கைமாறியது. திட்டமிட்டிருந்த மாநாட்டைத் தள்ளிவைக்கிறோம், படையெடுத்து வந்தவர்களை முறியடித்த பிறகு புதிய தேதியை அறிவிப்போம் என்பதே அதன் சாரம். அந்த மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்த நூலகர்கள் அதன் பின் என்ன வேலையில் இறங்கினார்கள், அதற்கு அவர்களுடைய கட்டடம் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

நூலகம் தன்னார்வ மையமாக மாறியது என்கிறார்களே, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?

ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. போர்முனையிலிருந்து தொலைவில் உள்ள மேற்குப் பகுதி நகரம் ஒன்றின் நூலகத்தில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கான உடை, போர்வை, சோப்பு, குழந்தை உணவு ஆகியவற்றைப் பிரித்து அடுக்கும் வேலை நடந்திருக்கும். நடுப்பகுதியின் கிராம நூலகம் ஒன்றில் வாசிப்பு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, படையின் வண்டிகளையும் பதுங்குகுழிகளையும் மேலிருந்து தெரியாமல் மறைக்கும் உருமறைப்பு வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். வேறொன்றில், குண்டுச் சிதறல் பட்டவரின் கையிலோ காலிலோ இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே பட்டையை எப்படி இறுக்கிக் கட்டுவது என்று பொதுமக்களுக்குக் கற்றுத்தருவார்கள். நிலவறை உள்ள நூலகங்கள் வான்தாக்குதல் எச்சரிக்கையின்போது புகலிடமாகின்றன. இவற்றில் மூன்று நான்கு பணிகளை ஒரே கட்டடம் ஒரே நாளில் செய்வதும் உண்டு. காலையில் சிறுவர்களுக்குக் கதை வாசித்த அறையிலேயே மாலையில் படையினருக்கான மெழுகுவர்த்தி செய்ய மெழுகு உருக்குவார்கள்.

பள்ளிக்கூடம் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, ஊராட்சி அலுவலகம் இருக்கிறது. குறிப்பாக நூலகம் ஏன்?

மற்றவையும் இவ்வேலைகளைச் செய்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் போரின் முதல் மாதங்களில் பள்ளிகள் பலவற்றில் பாடங்கள் இணையவழிக்கு மாறின, கட்டடங்களில் இடம்பெயர்ந்தோர் தங்கினர். தேவாலயங்கள் வெவ்வேறு திருச்சபைகளைச் சேர்ந்தவை. அரசு அலுவலகத்துக்கு மனு இருந்தால்தான் போவார்கள். யாரும், எந்தக் காரணமும் சொல்லாமல், காசு கொடுக்காமல் உள்ளே வந்து உட்காரக்கூடிய பொது அறை என்று சிற்றூர்களில் எஞ்சியிருந்தது பெரும்பாலும் நூலகம் மட்டுமே.

சோவியத் காலத்தில் ஊர்தோறும் நூலகம் திறக்கப்பட்டதால், பின்னாளில் பல மூடப்பட்ட பிறகும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் நாட்டில் இருந்தன. அவற்றில் கணினியும் இணையமும் வந்ததற்குத் தனிக் கதை உண்டு. 2009 முதல் 2014 வரை, கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு நடந்த ‘பிப்லியோமிஸ்ட்’ என்ற திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்களுக்குக் கணினிகளையும் இணைய இணைப்பையும் தந்ததோடு, நூலகர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. ‘பிப்லியோமிஸ்ட்’ என்பது நூலகத்துக்கான சொல்லையும் ‘பாலம்’ என்ற பொருள் தரும் சொல்லையும் சேர்த்து உருவாக்கிய பெயர். அதன் பிறகு அரசின் ‘தீயா’ செயலி 2020 பிப்ரவரியில் வந்தபோது, எண்ணிமச் சேவைகளைப் பயன்படுத்தத் தெரியாத முதியோருக்குக் கற்றுத்தரும் இடங்களாக ஆயிரக்கணக்கான நூலகங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஓய்வூதியச் சான்று எடுக்க, மின்கட்டணம் செலுத்த, வெளியூரில் இருக்கும் மகனோடு காணொளியில் பேச என்று நூலகத்துக்கு வந்துபோகும் பழக்கம் போருக்கு முன்பே மக்களுக்கு வந்திருந்தது.

என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் நூலகர். கிராம நூலகர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த பெண். எந்த வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார், யாருடைய பிள்ளை படையில் சேர்ந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கட்டடத்தின் சாவியும் அவரிடமே இருக்கும். போர் வந்தபோது மேசை, மின்இணைப்பு, இணையம், சாவி, ஊரை அறிந்த ஒருவர் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தன.

இது 2022-இல்தான் தொடங்கியதா?

இல்லை. கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றி, நாட்டின் கிழக்கிலுள்ள தோன்பாஸ் பகுதியில் சண்டை மூண்ட 2014-ஆம் ஆண்டிலிருந்தே நூலகங்களில் வலை பின்னும் பழக்கம் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, தலைநகர் கீவில் அரசுக்கு எதிராக நடந்த மைதான் போராட்டத்தின்போது, போராட்டக்காரர்கள் 2014 ஜனவரியில் தங்கள் வசம் கொண்டுவந்த ‘உக்ரைனிய இல்லம்’ என்ற பெரிய கட்டடத்துக்குள் ஒரு நூலகத்தையே அமைத்தார்கள். மக்கள் கொண்டுவந்து தந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் அடுக்கி, கடுங்குளிரிலிருந்து ஒதுங்க வந்தவர்களுக்குப் படிக்கக் கொடுத்தனர். தன்னார்வப் பணிக்கென்று தனிச் சட்டம் 2011-லேயே இயற்றப்பட்டிருந்தது. அதற்கும் முந்தையது ‘தொலோகா’ என்ற கிராம வழக்கம்: வீடு கட்டுவது, அறுவடை போன்ற பெரிய வேலைகளுக்கு ஊரே கூலியில்லாமல் திரண்டு கைகொடுப்பது. வலை பின்னக் கூடுபவர்களை இன்றும் சிலர் அந்தச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள்.

சொல் பற்றி இன்னொன்று. தமிழில் நாம் ‘தன்னார்வலர்’ என்று ஒரே சொல்லில் அடக்குவதை உக்ரைனியர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ‘தொப்ரொவோலெத்ஸ்’ என்பவர் தாமாக முன்வந்து ஆயுதம் ஏந்துபவர். ‘வொலொந்தேர்’ என்பவர் ஆயுதம் ஏந்தாமல் பின்னின்று உதவுபவர். இந்தப் பக்கத்தில் தன்னார்வலர் என்று வரும் இடமெல்லாம் இரண்டாமவரையே குறிக்கும்.

உருமறைப்பு வலையை எப்படிப் பின்னுகிறார்கள்?

அகலமான மரச்சட்டம் ஒன்றை, சில நூலகங்களில் இரண்டு புத்தக அலமாரிகளுக்கு நடுவே, செங்குத்தாக நிறுத்துகிறார்கள். சட்டத்தின் மேலும் கீழும் ஆணிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். மீன்வலை போன்ற கண்ணிகள் உள்ள அடிவலையை அந்த ஆணிகளில் மாட்டி விரைப்பாக இழுத்து விரிக்கிறார்கள். பிறகு நீளவாக்கில் கிழித்த துணிப் பட்டைகளைக் கண்ணிகளுக்குள் நுழைத்து, வளைத்து, முடிந்து, அடுத்த கண்ணிக்குக் கொண்டுபோகிறார்கள். நம் ஊரில் கட்டிலுக்கு நாடா பின்னியவர்களுக்கு இந்தக் கைவேலை சட்டென்று புரியும், ஒரே ஒரு வேறுபாட்டோடு: கட்டிலுக்கு ஒழுங்கு வேண்டும், இங்கே ஒழுங்கு இருக்கக் கூடாது. நேர்கோடும் சீரான கட்டங்களும் இயற்கையில் கிடையாது என்பதால், வரிசை தெரியும்படி பின்னப்பட்ட வலை மேலிருந்து பார்ப்பவரின் கண்ணில் உடனே படும். எனவே பட்டைகளை வளைத்தும் மடக்கியும், சில இடங்களில் அடர்த்தியாகவும் சில இடங்களில் இடைவெளி விட்டும், நிறத் திட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலப்பதுபோலவும் பின்ன வேண்டும். ஒழுங்காகச் செய்தே பழகிய கைகளுக்கு முதல் வாரத்தில் இதுதான் கடினம்.

நிறம் பருவத்தைப் பின்பற்றுகிறது. கோடைக்குப் பல வகைப் பச்சை. இலையுதிர் காலத்துக்குப் பழுப்பும் காய்ந்த புல்லின் மஞ்சளும். பனிக்காலத்துக்கு வெள்ளை, அதன் நடுவே மரக்கிளையின் நிழல்போல ஆங்காங்கே கருமை. அதனால் படுக்கை விரிப்புகளுக்குக் குளிர்காலம் நெருங்கும்போது பெரும் கிராக்கி. பளபளக்கும் துணி ஆகாது. பருத்தித் துணி மழையில் நீரை உறிஞ்சிக் கனக்கும் என்பதால், நீர் ஊறாத மெல்லிய செயற்கைத் துணியை விரும்பிக் கேட்கும் படைப்பிரிவுகளும் உண்டு. எத்தனை மீட்டர் நீளம், என்ன நிறம், வண்டிக்கா, பீரங்கிக்கா, பதுங்குகுழிக்கா என்பதைப் பெரும்பாலும் களத்தில் உள்ளவர்களே நேரடியாகத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். ட்ரோன்கள் பெருகப் பெருக, தரையில் உள்ள எதுவும் மேலிருந்து பார்க்கப்படும் என்றாகிவிட்டதால், தேவை ஆண்டுக்கு ஆண்டு கூடியதே தவிரக் குறையவில்லை. அதிலும் வலைக்கு ஆயுள் குறைவு. வெயில், மழை, தீ, சிதறல் எல்லாம் பட்டுச் சில வாரங்களில் அது கந்தலாகிவிடலாம். துப்பாக்கி வீரர்கள் அணியும் புல்போன்ற முழு உடலாடையையும் இதே குழுக்கள் செய்கின்றன. சதுப்பு நிலத்தில் வாழும் நாட்டுப்புறப் பேயின் பெயரால் அதை ‘கிகிமோரா’ என்று அழைக்கிறார்கள்.

முடிந்த வலையைச் சுருட்டிச் சாக்கில் கட்டும்போது, பள்ளிப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களையும் உள்ளே வைத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பதுங்குகுழிச் சுவர்களில் அந்த ஓவியங்கள் ஒட்டப்பட்டிருப்பதைப் படங்களில் காணலாம்.

பதுங்குகுழி மெழுகுவர்த்தி என்பது என்ன?

கூரை விளக்கு இல்லாத, அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுத்துவிடும் பதுங்குகுழியில் கையைச் சூடாக்கவும், ஒரு குவளை நீரைக் கொதிக்க வைக்கவும், ஈரக் காலுறையைக் காயவைக்கவும் பயன்படும் சிறு அடுப்பு என்று அதைச் சொல்லலாம். காலியான உணவு டின் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். நெளிவுள்ள அட்டைப்பெட்டியை டின்னின் உயரத்துக்குப் பட்டையாக வெட்டி, சுருளாகச் சுற்றி, டின்னுக்குள் இறுக்கமாகச் செருகுகிறார்கள். நடுவில் ஓர் அட்டைத் துண்டு திரியாகச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு உருக்கிய மெழுகையோ பாரஃபினையோ அட்டையின் நெளிவுகளுக்குள் இறங்கும்வரை ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஒரு டின் பல மணி நேரம் எரியும்.

வீடுகளில் எரிந்து மிஞ்சிய துண்டு மெழுகுகளையும் தேவாலயங்களில் எஞ்சியவற்றையும் சேகரிக்க நூலக வாசலில் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கும். காலி டின்களைக் கழுவிக் கொண்டுவந்து தருவது குழந்தைகளின் வேலை. மெழுகு தீப்பற்றக்கூடியது, அறை முழுதும் காகிதம் என்பதால், உருக்கும் வேலையை முற்றத்திலோ தனி அறையிலோ வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை.

இந்த வேலைக்கு யார் வருகிறார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியைகள், செவிலியர்கள், கணவனோ மகனோ படையில் இருக்கும் பெண்கள், மாலையில் பள்ளி மாணவர்கள், விடுமுறை நாளில் அலுவலகத்தினர். கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் பலர், உதவி வாங்க வந்த இடத்திலேயே உதவி செய்பவர்களாகிவிட்டனர். அறிமுகமில்லாத ஊரில், வாடகை அறையில், தொலைபேசித் திரையில் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, கையில் துணிப்பட்டையும் எதிரே பேசுவதற்கு ஒருவரும் இருப்பது மேல் என்று அவர்கள் சொல்வது உக்ரைனியச் செய்திகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. வலையின் முன் நின்று பேசுவதில் ஒரு வசதி உண்டு: எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் வலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். உளவியல் ஆலோசகர் அறைக்குள் போகத் தயங்குபவர்கள்கூட இங்கே வாய் திறப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மின்வெட்டுக் காலத்தில் நூலகங்கள் என்ன செய்தன?

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கி, மின்நிலையங்கள் மீதும் துணைமின்நிலையங்கள் மீதும் ஏவுகணைத் தாக்குதல்கள் தொடர்ந்தன. மின்சாரம் போனால் வெப்பமூட்டும் அமைப்பும், தண்ணீர்க் குழாயும், கைப்பேசிக் கோபுரமும் சேர்ந்தே நின்றுபோகும் நாடு அது. நவம்பர் மாதம் அதிபர் செலன்ஸ்கி ‘புன்க்தி நெஸ்லாம்னொஸ்தி’, அதாவது ‘முறியா நிலையங்கள்’, திறக்கப்படுவதாக அறிவித்தார். முதற்கட்டமாக 4,000-க்கும் மேற்பட்ட இடங்கள் திட்டமிடப்பட்டன. மின்சாரம், வெப்பம், குடிநீர், கைப்பேசித் தொடர்பு, இணையம், முதலுதவிப் பெட்டி ஆகியவை அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூடாரங்கள், பள்ளிகள், தீயணைப்பு நிலையங்களோடு நூலகங்களும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன.

நூலகத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வரும், சில இடங்களில் செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் கருவியும் வரும், ஒரு மின்கெட்டில் வரும். அவ்வளவுதான் கருவிகள். ஆனால் வாசிப்பறை என்பதால் நாற்காலிகளும் மேசைகளும் ஏற்கெனவே இருந்தன; மடிக்கணினியோடு வந்தவர் அலுவலக வேலையை முடித்தார், மாணவர் இணைய வகுப்பில் சேர்ந்தார், முதியவர் தேநீர்க் குவளையோடு வெப்பத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு நீட்சிப் பலகையில் பத்துப் பன்னிரண்டு கைப்பேசிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, அது ஏறி முடியும்வரை என்ன செய்வது என்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர்களும் இருந்தார்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு நூலகம் செய்வது என்ன?

2022 மே மாதத் தொடக்கத்தில் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கையை ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பு 80 இலட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களில் பலருக்கு முதல் தேவை ஒரு பதிவு: இடம்பெயர்ந்தவர் என்று பதிவுசெய்தால்தான் பெரியவருக்கு மாதம் 2,000 ஹ்ரிவ்னியாவும் (உக்ரைன் நாணயம்), குழந்தைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் 3,000 ஹ்ரிவ்னியாவும் அரசு உதவித்தொகையாக அப்போது கிடைத்தது. தீயா செயலி வழியாகவே விண்ணப்பிக்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பொத்தான் கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் எழுபது வயதுப் பெண்மணிக்கு அதனால் என்ன பயன்? அந்த இடைவெளியில் நூலகர் நின்றார். ஆவணங்களைப் படியெடுத்தல், படிவம் நிரப்புதல், பின்னாளில் சேதமடைந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தல் எல்லாம் நூலகக் கணினியில் நடந்தன.

மொழியும் ஒரு தேவையாக இருந்தது. கிழக்கிலும் தெற்கிலும் ரஷ்ய மொழி பேசியே வளர்ந்த பலர், போர் தொடங்கிய பின் உக்ரைனிய மொழிக்கு மாற முடிவு செய்தனர். பள்ளியில் படித்ததால் அம்மொழி புரியும், ஆனால் பேச நா எழாது. அவர்களுக்காக நூலகங்களில் இலவச உரையாடல் குழுக்கள் தொடங்கப்பட்டன. தவறாகப் பேசினால் சிரிக்க மாட்டார்கள் என்ற உறுதிதான் அங்கே முதல் பாடம். குழந்தைகளுக்கு வரைதல், பொம்மலாட்டம், கதை நேரம். தாய் வரிசையில் நின்று நிவாரணப் பொருள் வாங்கும் ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அதில் அடக்கம்.

அப்படியானால் புத்தகங்கள் என்ன ஆயின?

இரண்டு எதிரெதிர் ஓட்டங்களைக் காண்கிறோம். ஒருபுறம், மக்கள் உக்ரைனிய மொழிப் புத்தகங்களை மிகுதியாகக் கேட்கத் தொடங்கினர். நூலகத்தில் அவை போதவில்லை. வீட்டில் படித்து முடித்தவற்றைக் கொண்டுவந்து தந்தார்கள், அவற்றில் ஒரு பகுதி மருத்துவமனைகளுக்கும் படைப்பிரிவுகளுக்கும் போனது.

மறுபுறம், பெரும் எண்ணிக்கையில் புத்தகங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. 2022 நவம்பர் வரை நூலகங்களிலிருந்து 1.9 கோடிப் படிகள் நீக்கப்பட்டதாகவும், அவற்றுள் 1.1 கோடி ரஷ்ய மொழியில் இருந்தவை என்றும் நாடாளுமன்றத்தின் மனிதநேய, தகவல் கொள்கைக் குழுவின் துணைத் தலைவர் யெவ்ஹேனியா க்ராவ்சுக் தெரிவித்தார். சோவியத் காலப் பரப்புரை நூல்கள் பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் அலமாரியை அடைத்திருந்தன என்பதும், அவற்றை நீக்கும் கோரிக்கை போருக்கு முன்பே இருந்ததும் உண்மை. ஆயினும் நூலகத் துறையைச் சார்ந்த யாருக்கும் இந்த எண் சற்று உறுத்தவே செய்யும். எது நஞ்சு, எது பழசு, எது வெறுமனே வேற்றுமொழி என்று ஒவ்வொரு நூலாகப் பார்க்கும் நேரம் போர்க்காலத்தில் ஒரு சிற்றூர் நூலகருக்கு இருக்காது. அவ்வாறு நீக்கியவற்றைப் பழைய காகிதமாக எடைக்குப் போட்டு, கிடைத்த பணத்தைப் படைக்கு அனுப்பிய நூலகங்கள் உண்டு. கீவ் நகரின் புத்தகக் கடை ஒன்று மக்களின் வீடுகளிலிருந்த ரஷ்ய நூல்களையும் அவ்வாறு சேகரித்தது.

புதிய நூல்களின் வரத்துக்கும் போர் இடையூறு செய்தது. 2024 மே 23 அன்று கார்கிவ் நகரின் ஃபாக்தோர்-த்ருக் அச்சகத்தை ஏவுகணை தாக்கியதில் 7 தொழிலாளர்கள் இறந்தனர், ஏறத்தாழ 50,000 புத்தகங்கள் எரிந்தன. நாட்டின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்று அது.

நூலகங்களே தாக்கப்பட்டிருக்கின்றனவா?

ஆம். செர்னிஹிவ் முற்றுகையின்போது, 2022 மார்ச் 11 அன்று விழுந்த வான்குண்டு, வட்டார இளைஞர் நூலகம் இயங்கிவந்த பழைய தார்னோவ்ஸ்கி அருங்காட்சியகக் கட்டடத்தைப் பிளந்தது. அருகில் இருந்த விளையாட்டரங்கில் பெரும் பள்ளம் விழுந்தது. கார்கிவ் நகரில் 1886-இல் நிறுவப்பட்ட கொரொலென்கோ நூலகத்தின் சன்னல்கள் அதே மாதத்தில் உடைந்து நொறுங்கின. மார்ச் மாதக் குளிரிலும் ஈரத்திலும் பல இலட்சம் நூல்களைக் காப்பதே அங்கே முதல் வேலையாயிற்று. கெர்சோன் நகரம் 2022 நவம்பர் 11 அன்று மீட்கப்பட்டாலும், த்னிப்ரோ ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து வரும் எறிகணைகள் ஓயவில்லை. ஓலெஸ் ஹொன்சார் பெயரிலான வட்டார நூலகமும் அவற்றில் சேதமடைந்தது. 2023 ஜூன் 6 அன்று அதே ஆற்றிலுள்ள ககோவ்கா அணை உடைந்தபோது கரையோர நூலகங்கள் சிலவற்றில் வெள்ளம் புகுந்தது. தீயில் எரிந்த நூலைவிட நீரில் ஊறிய நூல் இன்னும் பெரிய தலைவலி, ஏனென்றால் பூஞ்சை பக்கத்து அலமாரிக்கும் தாவும்.

படைக்கான பொருள்களைச் செய்வதால் நூலகம் சட்டப் பாதுகாப்பை இழந்துவிடாதா?

கேட்க வேண்டிய கேள்விதான், எளிய விடை கிடையாது. பண்பாட்டுச் சொத்துகளைப் போரில் காப்பதற்கான 1954-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை நூலகங்களையும் உள்ளடக்கியது. ரஷ்யாவும் உக்ரைனும் அதில் உறுப்பு நாடுகள். அதன் 1999-ஆம் ஆண்டு இரண்டாம் நெறிமுறையில் உக்ரைன் 2020-இல் சேர்ந்தது, ரஷ்யா சேரவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை, அதற்கு அழிவைத் தேடித்தரக்கூடிய விதத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற கடமை உரிமையாளரான நாட்டுக்கும் உண்டு.

மறுபக்கம், ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறைப்படி, ஒரு கட்டடம் இராணுவ நடவடிக்கைக்குப் பயனுள்ள பங்களிப்பைத் தருவதாகவும், அதை அழிப்பதால் திட்டவட்டமான இராணுவ ஆதாயம் கிடைப்பதாகவும் இருந்தால்தான் அது இலக்காக முடியும். ஐயம் இருந்தால் குடிமக்கள் கட்டடமாகவே கொள்ள வேண்டும். ஆறு பெண்கள் துணி முடியும் வாசிப்பறையை அழிப்பதால் திட்டவட்டமான ஆதாயம் உண்டென்று நிறுவுவது மிகக் கடினம். அங்கே பின்னுகிறவர்களும் வலை பின்னுவதால் மட்டும் போராளிகளாகிவிட மாட்டார்கள். இருந்தாலும், அரிய சுவடிகளும் பழம்பதிப்புகளும் வைத்திருக்கும் பெரிய ஆய்வு நூலகங்களில் இத்தகைய வேலைகளை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கிளை நூலகத்தில் இழப்பது ஈடு செய்யக்கூடியது, ஆய்வு நூலகத்தில் இழப்பது ஈடு செய்ய முடியாதது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் கைக்காசிலிருந்து. துணியும் மெழுகும் நன்கொடை. அடிவலையை விலைக்கு வாங்க வேண்டும். மோனோபேங்க் என்ற வங்கிச் செயலியில் ‘பாங்கா’, அதாவது ‘ஜாடி’, என்ற வசதி இருக்கிறது: ஓர் இணைப்பை அனுப்பினால் யார் வேண்டுமானாலும் அந்த ஜாடியில் பணம் போடலாம், எவ்வளவு சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நூலகங்கள் கேக் விற்றும், புத்தகங்களை ஏலம் விட்டும் ஜாடியை நிரப்புகின்றன.

சொல்லாமல் விடப்படும் செலவு ஒன்று உண்டு. அதிகாரப் பரவலாக்கத்துக்குப் பின் கிராம நூலகங்கள் உள்ளூர்ச் சமூக மன்றங்களின் நிதியைச் சார்ந்தவை. அங்கே பல நூலகர்கள் அரை வேலைக்கும் கால் வேலைக்கும் மட்டுமே ஊதியம் பெறுகிறார்கள். தாளில் இரண்டு மணி நேர வேலை, நடப்பில் எட்டு மணி நேரம். அவர்களைப் பாராட்டும் கட்டுரைகள் நிறைய வருகின்றன; ஊதியத்தைப் பற்றிய வரி அவற்றில் அரிதாகவே இருக்கும்.

வெளிநாட்டிலிருந்தவர்கள் எப்படி உதவினர்?

பொருளுதவியைத் தவிர, கணினி வழியாகச் செய்யப்பட்ட ஒரு வேலை குறிப்பிடத்தக்கது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆனா கியாஸ், குவின் டோம்ப்ரோவ்ஸ்கி, செபாஸ்டியன் மயஸ்தரோவிச் ஆகிய மூவர் தொடங்கிய ‘சூச்சோ’ என்ற முயற்சியில் 1,300-க்கும் மேற்பட்ட நூலகர்களும் ஆவணக்காப்பாளர்களும் நிரலர்களும் பிறரும் சேர்ந்தனர். உக்ரைனிய நூலகங்கள், அருங்காட்சியகங்கள், ஆவணக்காப்பகங்களின் 5,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை, ஏறத்தாழ 50 டெராபைட் அளவுக்கு, பாதுகாப்பான சேமிப்பகங்களில் படியெடுத்து வைத்தனர். கார்கிவ் அரசு ஆவணக்காப்பகத்தின் தளம் படியெடுக்கப்பட்ட சிறிது நேரத்தில் இணையத்திலிருந்து மறைந்தது.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் வெறுமனே ஒரு நாவலை எடுத்துப்போக முடியுமா?

முடியும். 2022-இல் நூலகச் சங்கத்தின் தலைவராக இருந்தவரும் கீவ் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழக நூலகத்தின் இயக்குநருமான ஒக்சானா ப்ருய் போன்றோர் தொடர்ந்து வலியுறுத்தியதும், பொய்ச் செய்தியை இனம் காணப் பயிற்சி தருவது முதலிய நூலகத்தின் சொந்த வேலைகள் நின்றுவிடக் கூடாது என்பதையே. பாதுகாப்பான பகுதிகளில் நூலகங்கள் வழக்கம்போல் திறந்திருக்கின்றன. எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் எல்லோரும் நிலவறைக்கோ பக்கத்துப் புகலிடத்துக்கோ போக வேண்டும். நூலகர் கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாக இறங்குவார். போர்முனைக்கு அருகில் வாசிப்பறைகள் மூடப்பட்டிருந்தால், தொலைபேசியில் கேட்ட நூலை வாசலில் தருகிறார்கள். சங்கு அடங்கியதும் கதவு மீண்டும் திறக்கப்படும், பாதியில் விட்ட வலையிடம் சிலரும் இரவல் பதிவேட்டிடம் சிலரும் திரும்புவார்கள். கையிலிருந்த புத்தகத்தைக் கீழே எடுத்துச்சென்று படித்து முடித்துவிட்டு, மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.